தொண்ணூற்று மூன்றின் நாற்காலி

வெஸ்ட்வெல்டே,
20 பிப்ரவரி 2024, செவ்வாய்.

பேரன்பும் பெருமதிப்பும் உடைய ஓடிலோன் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகள் சிஸ்கா பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் டிசம்பரில் அம்மாவுக்கு வைத்த புது இடுப்பு மூட்டும் நலம். ஸ்பெயினில், கால்பேயில், கடலோரத்தில் தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வரியை எல்லாரும் மரியாதைக்காக எழுதுவார்கள். நான் கவலையோடு எழுதுகிறேன்.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணி முதல் தாங்கள் உயிரோடு இல்லை.

பதற வேண்டாம். செய்தவள் நான்தான். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கடந்த செப்டம்பரில் என்னை மஞ்சள் சேவல் கஃபேயில் கூடும் சேற்றுப்பாதை சைக்கிள் பந்தய ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். தத்துவம் படித்தவள். வேலை இல்லாதவள். கையெழுத்து நன்றாக இருக்கும். மூன்று தகுதிகள். களிமண் கோப்பையின் பழைய வெற்றியாளர்கள் பட்டியலைச் சரிபார்ப்பதும், கடைசிப் பந்தயத்தன்று அவர்களுக்கு மேசை போடுவதும் செயலாளர் வேலை. இந்த வருடம் எட்டுப் பந்தயங்களின் புள்ளிக்கணக்கும் ஏழாவதிலேயே முடிந்துவிட்டது. கோப்பை யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே எட்டாவதற்கு நம் ஊருக்கு வந்த ஆறாயிரம் பேருக்கும் மிச்சமிருந்தது சேறும், பீரும், பழைய ஆட்களும்தான்.

மேசை வழக்கம் தங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். என் குற்றம் அதற்குள் இருக்கிறது.

கூடாரத்தில் நீள மேசை. ஆண்டு வரிசைப்படி நாற்காலிகள். வந்தவர் உட்கார்ந்து தன் பீரைக் குடிப்பார். இறந்தவருக்கும் நாற்காலி உண்டு. அதற்கு முன்னால் ததும்ப ஊற்றிய பீர் ஒன்று இருக்கும், யாரும் தொடமாட்டார்கள், கடைசிச் சுற்று மணி அடித்ததும் அதைக் கொண்டுபோய்ப் பாதையில் ஊற்றுவார்கள். உயிரோடிருந்தும் வராதவருக்கு நாற்காலியே கிடையாது. எடுத்துவிடுவார்கள். பனியால் பந்தயம் நடக்காத எண்பத்தாறுக்குக்கூட ஒரு நாற்காலியும் ஒரு குவளைத் தண்ணீரும் உண்டு. ஐந்து முறை வென்றவருக்கு ஐந்து பீர். மதியத்துக்குப் பிறகு அவருக்கு ஞாபகம் என்று ஒன்று இருப்பதில்லை.

தொண்ணூற்று இரண்டுக்கும் தொண்ணூற்று நான்குக்கும் நடுவில், தாங்கள் வென்ற வருடத்துக்கு, ஒரு இடைவெளி. முப்பத்தோரு வருடமாக. ஓர் ஆளின் அகலம். நாய்கள் அந்த வழியாகப் போய் வரும்.

பெட்டியிலிருந்து நாற்பத்தொன்பது பெயர்ச்சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் சீட்டு மட்டும் புதிதாக இருந்தது. ஓரம் மடங்கவில்லை. ஒரு பீர்க்கறை இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நடக்காத ஒரு வருடத்துக்கு நாற்காலி உண்டு. நடந்த ஒரு வருடத்துக்கு இல்லை. இதைத் தர்க்கமாக யோசித்தேன். தர்க்கமாக யோசித்ததுதான் தவறு. ஒரு நாற்காலி கொண்டுவந்தேன். இடைவெளியில் போட்டேன். சீட்டை வைத்தேன். வெறும் நாற்காலி ஏதோ கேள்வி கேட்பது போல இருந்தது. பீர் ஊற்றினேன்.

ததும்ப.

ஒலிபெருக்கியில் பேசுபவர் இந்த வருடம் புதியவர், கடலோரத்து ஆள். வரிசையாகப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தார். தொண்ணூற்று மூன்றில் நின்றார். நிறைந்த குவளையைப் பார்த்தார். ஆளில்லாத நாற்காலியைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

“இங்க ஒரு நிறைஞ்ச கிளாஸ் இருக்குதுங்க. தொண்ணூத்தி மூணு. ஓடிலோன். நமக்குத் தெரியாமலே போயிட்டார் போல. தயவுசெஞ்சு எல்லாரும் தொப்பியக் கழட்டுங்க. ஒரு நிமிஷம்.”

ஆறாயிரம் பேர் தொப்பியைக் கழற்றினார்கள்.

மாமா, ஒரு நிமிட மௌனத்தைக் கலைக்க ஒரே வழி பேசுவது. முதல் பத்து விநாடி அது யாரோ செய்த பிழை. முப்பதாவது விநாடியில் அது என் பொய். அறுபதாவதில் தாங்கள் இறந்துவிட்டீர்கள். எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த அடுப்பையும் யாரோ அணைத்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். நிமிடம் முடிந்தது. நோர்பெர்ட் எழுந்தார்.

அவர் இப்போது கொதிகலன் பழுது பார்க்கிறார். அறுபத்திரண்டு வயது. உங்களோடு ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே அணியில் சைக்கிள் ஓட்டி, அந்த வருடக் கடைசிப் பந்தயத்துக்கு உங்களைவிட இரண்டு புள்ளி முன்னால் வந்து நின்றவர். கடைசிச் சுற்றில் பாப்ளர் தோப்புக்குள் அவர் முன்னால் போனார். வெளியே நீங்கள் முன்னால் வந்தீர்கள். பாதையோரம் கட்டிய கயிற்றைத் தாண்டிக் குறுக்கே வந்துவிட்டான் என்றார் அவர். நடுவர் யாரும் பார்க்கவில்லை. ஆகவே கோப்பை உங்களுக்கு. ஊர் அவர் பக்கம். மஞ்சள் சேவலில் வெற்றியாளர் பெயர்கள் எழுதிய சுவர்ப்பலகையில் உங்கள் பெயர்மேல் கஃபேக்கார ஷெர்மேன் அம்மா பழுப்பு வண்ணம் பூசினார். கோடையில் பெயர் மேலே எழும்பி வரும். இலையுதிர்காலத்தில் இன்னொரு பூச்சு. இப்போது அந்த இடம் தடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கிடைப்பீர்கள்.

அந்த நோர்பெர்ட் மேசையைச் சுற்றி வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“நான் நோர்பெர்ட். தெரியாதவங்க யாரும் இல்ல. தொண்ணூத்தி மூணு பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“போட்டியத் தொடங்குங்கப்பா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“தொடங்கலாம். அவன் கயித்தத் தாண்டல.”

மேசையில் இரண்டு பேர் குவளையைக் கீழே வைத்தார்கள்.

“நான்தான் தாண்டினான்னு சொன்னேன். அவன் ஒழுங்கா, பாதையிலதான் வந்தான். நான் நின்னேன். தோப்புக்குள்ள. அதான் அவன் முன்னாடி போனான்.”

“எதுக்குடா நின்ன?” என்றது அதே பின்வரிசைக் குரல்.

நோர்பெர்ட் தன் பூட்சைப் பார்த்தார். ஒலிபெருக்கியில் அவர் மூச்சு கேட்டது.

“வயிறு,” என்றார்.

இரண்டாவது மௌனம். இது யாரும் அறிவிக்காதது. முதலாவதைவிட நீளம்.

“முந்தின நாள் மாமியார் வீட்ல சிப்பி வேக வெச்சாங்க. ரெண்டு சட்டி சாப்பிட்டேன். ரெண்டு புள்ளி முன்னாடி நிக்கிறேன்ங்கற தைரியம். அஞ்சாவது சுத்துலயே ஆரம்பிச்சிருச்சு. சைக்கிளத் தோள்ல தூக்கிட்டு மேட்டுல ஏறறப்ப… அதெல்லாம் வேண்டாம். தோப்பு வந்துச்சு. மரம் இருந்துச்சு.”

“என் சிப்பியில ஒரு குறையும் இல்ல!” கூட்டத்தின் நடுவிலிருந்து அவருடைய மாமியார். தொண்ணூறு வயது. “நாங்க எட்டுப் பேர் சாப்பிட்டோம். இவன் ஒருத்தனுக்குத்தான்!”

“சிப்பிய நான் குறை சொல்லல அத்தை.”

“பின்ன எதுக்கு மைக்குல சொல்ற?”

“சங்கிலி கழண்டுருச்சுன்னு சொல்லியிருக்கலாமேடா!” என்று இன்னொருவர் கத்தினார். கேலியாக இல்லை. நிஜமான துயரத்தோடு.

“சொல்லியிருக்கலாம்,” என்றார் நோர்பெர்ட். “முப்பத்தோரு வருஷமா அதத்தான் யோசிக்கறேன். சங்கிலின்னு சொல்லியிருக்கலாம். டயர்னு சொல்லியிருக்கலாம். அப்ப தோணல. வாயில வந்தது அதுதான்.”

இரண்டு டிகிரி குளிர். தொடக்கக்கோட்டில் மெல்லிய சட்டையோடு முப்பது வீரர்கள். ஒருவர் நின்ற இடத்திலேயே குதிக்கத் தொடங்கினார். எங்கள் மன்றத்தார் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குதிப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு நோர்பெர்ட் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

“அவன் என்னப் பார்த்தான். நான் குந்தியிருந்தேன். சைக்கிள் சேத்துல கெடக்குது. அவன் அந்த வழியாத்தான் போகணும். ஒரு வார்த்த பேசல. சிரிக்கல. முகத்தத் திருப்பிக்கிட்டுப் போனான். அன்னைக்கு சாயங்காலம் ஊரே அவனத் திருடன்னு சொல்லுது, ஷெர்மேன் பூச்சு டப்பாவத் தெறக்கறா, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல? ‘இவன் மரத்தடியில குந்தியிருந்தான்’னு. ஒரே வரி. நான் செத்தேன். அவன் சொல்லல. ஊர விட்டே போனான். சொல்லாமலே போனான். இப்பவும் சொல்லாமலே போயிட்டான்.”

மைக்கை மேசைமேல் வைத்தார். அது எண்பத்தாறின் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் மௌனத்தைப் பற்றி நூற்றுப்பன்னிரண்டு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவள். அதில் ஒரு பக்கத்திலும் நீங்கள் இல்லை.

கடைசிச் சுற்று மணி அடித்ததும் உங்கள் பீரை நோர்பெர்ட் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தோப்பு வாசலில் ஊற்றினார். அடுத்த நிமிடம் அதே இடத்தில் முதலில் வந்தவர் வழுக்கி, முகம் புதைய விழுந்தார். “ஓடிலோன் பீர வாங்கிக்கிட்டான்” என்று தலையாட்டினார்கள்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. என் கையைப் பிடித்துக் குலுக்காதவர் இல்லை. எப்போது, எப்படி என்று கேட்டார்கள். நான் எதற்கும் பதில் சொல்லவில்லை, அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எரிச்சாங்களா புதைச்சாங்களா என்று கேட்டார் ஷெர்மேன் அம்மா. இன்னும் முடிவாகவில்லை என்றேன். அது உண்மைதான். திங்கட்கிழமை காலை மஞ்சள் சேவலில் உங்களுக்குத் துக்கக் காப்பி நடந்தது, ஹாம் வைத்த ரொட்டி, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, நான் உங்கள் நெருங்கிய உறவாக நடுவில் உட்கார்ந்து நான்கு ரொட்டி சாப்பிட்டேன் மாமா, சாப்பிடாவிட்டால் சந்தேகம் வருமா, சாப்பிட்டால் சந்தேகம் வருமா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டதில் நான்கு ஆகிவிட்டது. பிறகு ஷெர்மேன் அம்மா நாற்காலிமேல் ஏறி, வெண்ணெய்க் கத்தியால் சுவர்ப்பலகையைச் சுரண்டினார். முப்பத்தோரு பூச்சு. தகடு தகடாக விழுந்தது. அடியில் நீங்கள் பளிச்சென்று இருந்தீர்கள். வெயில் படாததால் மற்ற எல்லாப் பெயரையும்விடப் பளிச்சென்று.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இடுப்பு காரணமாக வீட்டில் இருந்தார். ஞாயிறு மாலையே முதல் பூந்தொட்டி வந்துவிட்டது. கல்லறைக்கு வைக்கிற சாமந்தி.

“யாரு செத்தது?” என்று கேட்டார் அம்மா.

“உங்க தம்பிங்க,” என்றார் கொண்டுவந்தவர்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்து, சாமந்தியில் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தார்.

“ஒரு கிளாஸ் பீர் ஊத்தி என் தம்பியக் கொன்னுட்டியேடி.”

“தெரியாம நடந்துருச்சும்மா.”

“புத்தாண்டுக்குக்கூடப் பேசினான். வெயில் அடிக்குதுன்னான். அதத் தவிர அவன் எதையாவது சொல்லியிருக்கானா? நோர்பெர்ட் மரத்தடியில குந்தியிருந்தானாம். என்கிட்டகூடச் சொல்லல பாரு.” பிறகு, “இது வாடறதுக்குள்ள அவனுக்கு எழுதிடு” என்றார்.

இப்போது பதினான்கு தொட்டிகள் இருக்கின்றன.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். மார்ச் பதினைந்தாம் தேதி மன்றத்தின் ஆண்டுக் கூட்டம். பெயரைச் சுரண்டியது ஷெர்மேன் அம்மாவின் சொந்த உணர்ச்சி. அதை நிலையாக வைக்க வேண்டுமென்றால் ஓட்டெடுக்க வேண்டும். மேசையில் நாற்காலியும் நிரந்தரம் என்று தீர்மானம் நானே எழுதியிருக்கிறேன். தோற்க வாய்ப்பில்லை, நீங்கள் இறந்திருக்கும்வரை. உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு இரவாக யோசிக்கிறேன். நம் ஊர் செத்தவனை மன்னித்துவிடும். உயிரோடிருப்பவனைக் கண்டால் விசாரிக்கத் தொடங்கும். எல்லாரும் சேர்ந்து நாடகம் ஆடினார்கள் என்பார்கள். நோர்பெர்ட்? ஆறாயிரம் பேர் முன்னால் தன் வயிற்றைத் திறந்து காட்டியவர். அதுவும் உயிரோடிருக்கும் ஒருவனுக்காக என்று தெரிந்தால் அவர் இந்தத் தெருவில் எப்படி நடப்பார்? “செத்தவனுக்காகத்தான் சொன்னான். ஓடிலோன் உசுரோட இருந்திருந்தா இவன் வாயத் தொறந்திருப்பானா?” என்று ஷெர்மேன் அம்மாவே துக்கக் காப்பியில் சொன்னார்.

ஆகவே மாமா, தயவுசெய்து மார்ச் பதினைந்துவரை இப்படியே இருந்துவிடுங்கள். ஊருக்குத் தொலைபேச வேண்டாம். ஈஸ்டருக்கு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டீர்களாமே, வர வேண்டாம். அங்கே ஓய்வூதியக்காரர்களுக்கு நடக்கும் சைக்கிள் போட்டியில் கலந்துகொள்ள வேண்டாம்; கலந்துகொண்டாலும் ஜெயிக்க வேண்டாம்; பத்திரிகையில் படம் வரும். முப்பத்தோரு வருடம் பேசாமல் இருந்தவரிடம் இன்னும் இருபத்து நான்கு நாள் கேட்கிறேன். கேட்கும்போதே வெட்கமாக இருக்கிறது. உங்களை வாழவைக்கும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அம்மா தன் அன்பையும், வெயிலில் தொப்பி போடும்படி தன் கட்டளையையும் தெரிவிக்கிறார். பதினான்கு சாமந்தித் தொட்டிகளும் தங்களை விசாரிக்கின்றன. தாங்கள் நீடூழி வாழ வேண்டும், மார்ச் பதினாறிலிருந்து ஊரறிய.

என்றும் தங்கள் அன்புள்ள,
சிஸ்கா

பி.கு. – புதன்கிழமை. உறையில் போடுவதற்குள் நோர்பெர்ட் வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் டை. நான் கடிதத்தின்மேல் கையை வைத்தேன். தாமதம். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே ஒரு வரியைப் படித்துவிட்டார்.

“‘தாங்கள் உயிரோடு இல்லை’ன்னு எழுதியிருக்க. எந்த ஊருக்கும்மா தபால் போகுது?”

நான் எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. இது நம் குடும்பத்தில் இருக்கிறது போலும்.

“உசுரோடதான் இருக்கான்,” என்றார். “தெரியும்.”

ஜனவரியில் ஓய்வூதியக்காரர்களோடு சைக்கிள் ஓட்ட அவர் கால்பேக்கு வந்திருக்கிறார் மாமா. உங்களைப் பார்த்திருக்கிறார். “ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில உக்காந்து ஐஸ்கிரீம் சாப்ட்டுட்டு இருந்தான். நான் இந்தப் பக்கம். மூணு காப்பி குடிச்சேன். எந்திரிச்சுப் போக முடியல. அவனா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டான்.”

“பின்ன ஞாயித்துக்கிழமை அவ்வளவு நேரம் மைக்குல பேசினியே,” என்றார் அம்மா.

“அவன் எதிர்ல வாய் வராது. அவன் இல்லாத எடத்துல பேசினா அது புறணி. எல்லாரும் தொப்பியக் கழட்டிட்டு அவனையே நினைச்சுக்கிட்டு நின்னாங்க பாரு, அது ஒரு எடம் கெடச்ச மாதிரி இருந்துச்சு. நெசமாவே செத்திருந்தா நான் எதுக்குப் பேசறேன்? செத்தவனுக்கு அதனால என்ன பிரயோசனம்?”

இங்கே வருவதற்கு முன்பே ஷெர்மேன் அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அவர் சுவர்ப்பலகையைப் பார்த்தாராம், தன் முதுகைத் தடவினாராம். “மறுபடியும் நாற்காலியில ஏறிப் பூச என்னால ஆகாது. இருந்துட்டுப் போகட்டும். ஓட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்றாராம்.

ஆகவே மேலே நான் கேட்ட எதையும் செய்ய வேண்டாம். தொலைபேசலாம். போட்டியில் ஜெயிக்கலாம். ஈஸ்டருக்கு வரலாம்.

நோர்பெர்ட் வண்டியை வெளியே அணைக்காமல் நிறுத்தியிருக்கிறார். கூரைமேல் சைக்கிள் கட்டியிருக்கிறது. கடிதத்தைத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் உறையில் தபால்தலை இல்லை. உங்கள் கதவிடுக்கில் இதைச் செருகியிருப்பார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள் மாமா. கூப்பிடுங்கள். அவராக வரமாட்டார்.